பன்னிரண்டு மாத்திரைகளும் ஒரு புளியமரமும்

எனக்குக் கல்யாணமான மூன்றாவது மாதம், சீப்பு தலையில் பட்டாலே வலிக்க ஆரம்பித்தது. முடியைத் தொட்டால் வேர் வரைக்கும் ஒரு கூச்சம். இரண்டு நாள் பின்னாமல் அப்படியே அள்ளி முடிந்துகொண்டு வேலைக்குப் போனேன். பின் கழுத்து மரக்கட்டை போல இறுகிக் கிடந்தது. காதுக்குள் வேறு ஓயாமல் ஒரு மணி ஒலித்தது.

அந்த மணியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கள்ளக்குறிச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை எனக்கு. நாள் முழுக்க மணிச் சத்தத்தோடு இருக்கிறவளுக்குக் காதில் மணி அடிப்பதெல்லாம் ஒரு நோயா என்று நானே சிரித்துக்கொண்டேன்.

அப்போது எங்கள் ஊரில் யாரும் தாங்களே எண்ணைச் சுற்றிப் பேச முடியாது. வீட்டில் போனின் கைப்பிடியைச் சுற்றினால், எங்கள் போர்டில் அவர்கள் எண்ணுக்கு மேலிருக்கும் சின்னத் தகடு டக்கென்று கீழே விழும். அந்தத் துளையில் ஒயரைச் சொருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, அவர்கள் கேட்கிற எண்ணின் துளையில் மறுமுனையைச் சொருகுவோம். நூற்றுக்கணக்கான துளைகள், எல்லாம் வரிசை வரிசையாக, கோடு போட்டது போல நேராக இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்த வரிசைகள் நேராக இல்லை. தண்ணீருக்குள் கிடக்கும் கயிறு மாதிரி நெளிந்தன. நடுவில் ஒரு மங்கல். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், மங்கல் போகவில்லை. அதற்குள் ஒரு அரிசி மில்காரர் நெல் வியாபாரியைக் கேட்டார். நான் சொருகினது போலீஸ் ஸ்டேஷன் துளையில். "ஏன்யா, ரெண்டு லோடு சொன்னா ஒரு லோடு அனுப்பிட்டு ஏமாத்தப் பாக்கிறியா?" என்று மில்காரர் எடுத்த எடுப்பில் ஆரம்பிக்க, அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர். இரண்டு பேரும் மாறி மாறி எங்களுக்குப் போன் செய்து திட்டினார்கள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த என் தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏய், இன்னா ஆச்சு உனக்கு? எம் மூஞ்சி தெரியுதா?"

"நீ தெரியற. உன் மூக்கு தெரியல" என்றேன்.

அவள் உடனே என் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மேலதிகாரியிடம் அவளே லீவு சொல்லிவிட்டு, என்னைக் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டாள். அவள் ஊருக்கு வெளியே காலனித் தெருவிலிருந்து வருகிறவள். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நடுகிறவர்கள். அவள் தெருவில் முதல் அரசாங்க வேலை அவளுடையது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில்தான் வேலை கிடைத்தது.

என் கணவர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சனிக்கிழமை மதியம் பஸ் பிடித்து இறங்கி வருவார், திங்கள் விடியற்காலை ஏறிப் போவார். தோழி மலைக்குச் செய்தி சொல்ல, அவர் மறுநாளே வந்துவிட்டார். உள்ளூரில் ஒரு டாக்டர் தலைவலிக்கு மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கண்ணாடி போட்டால் நெளிந்த கோடு கொஞ்சம் பெரிதாக நெளிந்தது, அவ்வளவுதான். நான்காம் நாள் எனக்கு என் கைவிரல்களை எண்ண வரவில்லை. என் கணவர் அதற்கு மேல் யோசிக்கவில்லை. விழுப்புரம் பஸ், அங்கிருந்து பாண்டிச்சேரி பஸ் என்று என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

அங்கே ஒரு டாக்டரம்மா. என் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும்வரை உட்கார வைத்து, நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கண்ணைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "காதுல சத்தம் கேக்குதா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கேக்குதுங்க."

"தலை சீவினா வலிக்குதா?"

"ஆமாங்க. இத நான் இவர்கிட்டகூடச் சொல்லலியே!"

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் குரலில் ஒரு சின்ன சந்தோஷம் தெரிந்தது. தேடியது கிடைத்துவிட்ட சந்தோஷம் அது. "விழித்திரைக்குப் பின்னாடி அழற்சி. நீர் கோத்து, விழித்திரை அங்கங்க தூக்கிக்கிட்டு நிக்குது. மழைக்காலத்துல சுவத்துல ஓதம் ஏறி சுண்ணாம்பு உப்பி நிக்குமே, அது மாதிரி. ரொம்ப அபூர்வமான நோய். உடம்புல நிறம் கொடுக்கிற அணுக்கள் இருக்கு. அத உன் உடம்பே எதிரின்னு நெனச்சு அடிக்குது. அந்த அணு கண்ணுல இருக்கு, காதுக்குள்ளயும் இருக்கு, முடியிலயும் இருக்கு. அதான் எல்லாம் ஒண்ணா வந்திருக்கு."

நோயின் பெயரையும் சொன்னார். மூன்று வெளிநாட்டு டாக்டர்களின் பெயரைச் சேர்த்து வைத்த பெயர். என் நாக்குக்கு அது இன்றுவரை வசப்படவில்லை.

"பார்வ திரும்புமாங்க?" என்று என் கணவர் கேட்டார். அவர் கேட்டது எனக்கு நிம்மதி. என்னால் கேட்டிருக்க முடியாது.

"சீக்கிரம் வந்துட்டீங்க. திரும்பும்னுதான் நெனைக்கிறேன். ஆனா எவ்வளவு திரும்பும், எத்தனை வருஷம் நிக்கும்கிறது இவங்க மாத்திரை சாப்பிடறதப் பொறுத்தது." என் பக்கம் திரும்பினார். "ஸ்டீராய்டு மாத்திரை. காலையில சாப்பிட்டதும் ஒரே வேளையா பன்னிரண்டு. கொறைக்கிறதா இருந்தா நான் கொறைப்பேன். நீயா ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது. திடீர்னு நிறுத்தினா கண்ணு மட்டும் இல்ல, உடம்பே தாங்காது. புரிஞ்சுதா?"

புரிந்தது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார். மூன்றாவது வாரம் திரும்ப வர வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது என் மாமியார் வாசலில் உட்கார்ந்திருந்தார். தியாகதுருகம் தாண்டி இருக்கும் என் புகுந்த ஊரிலிருந்து இரண்டு நாட்டுக்கோழி, ஒரு மூட்டை கேழ்வரகோடு வந்து இறங்கியிருந்தார். கோழிகள் கூடையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன என்று என் கணவர் சொன்னார். எனக்கு அது இரண்டு மங்கலான மூட்டை.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பத்தாம் நாளிலிருந்து எனக்கு வந்த பசியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. காலையில் எட்டு இட்லி. பதினொரு மணிக்குக் கூழ். மதியம் இரண்டு தட்டு சோறு. நான்கு மணிக்கு மாமியார் வறுத்த வேர்க்கடலையை மடியில் கட்டிக்கொண்டு கொறிப்பேன். முகம் பூரி போல உப்பி, கன்னம் இரண்டும் கண்ணை முட்டின. இது மாத்திரையால் வருவது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். மாமியார் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

"மாத்திரையாவது ஒண்ணாவது. எங்கையால துன்றா, ஒடம்பு வெக்குது. கல்யாணத்தன்னிக்கு இன்னாமா இருந்தா, தொடப்பக்குச்சிக்குப் பொடவ சுத்துன மாதிரி! இப்பதான் எங்கூட்டு மருமவ மாதிரி இருக்கிறா" என்று எதிர்வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொன்னார்.

அந்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் திரும்பியது. முதலில் சிவப்பு வந்தது. வாசலில் போன ஒருத்தியின் புடவை சிவப்பு என்று கண்டுபிடித்துக் கத்தினேன். அவள் பயந்து திரும்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் கம்பிகள் தனித்தனியாகப் பிரிந்தன. நடுவிலிருந்த மங்கல் மட்டும் ஒரு நாலணா அளவுக்கு நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் மறியல் வந்தது.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் வட்டாரமே கொதித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஊர் ஊராகக் கூட்டம், ஊர்வலம், சுவரெல்லாம் எழுத்து. அந்தப் புரட்டாசியில் ஒரு வாரம் எந்தச் சாலையிலும் எதுவும் ஓடக்கூடாது என்று முடிவு செய்தார்கள். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் நின்றது, லாரி நின்றது, பால் வண்டிகூட நின்றது. என் கணவர் மலைமேல் மாட்டிக்கொண்டார். நான் பாண்டிச்சேரி போக வேண்டிய நாள் மறியலின் மூன்றாம் நாள். அன்று கையில் இருந்தது மறுநாள் காலைக்கான பன்னிரண்டு மாத்திரை மட்டும். ஊரிலிருந்த மருந்துக் கடைகளில் அந்த மாத்திரை தீர்ந்துவிட்டது. சேலத்திலிருந்து சரக்கு வந்தால்தான் உண்டு என்றார்கள்.

எக்ஸ்சேஞ்சுக்குப் போய்த் தோழியிடம் சொன்னேன். அவள் ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டாள். ஒயரைச் சொருகினாள். சின்னசேலம், ஆத்தூர், சேலம் என்று ஒவ்வொரு ஊர் ஆபரேட்டரையும் பிடித்து, அந்தந்த ஊர் மருந்துக் கடைகளைக் கேட்கச் சொன்னாள். பல இடங்களுக்கு லைனே இல்லை, கம்பம் சாய்ந்திருந்தது. ஒரு மணி நேரம் கழித்து உளுந்தூர்பேட்டையிலிருந்து பதில் வந்தது. பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கடையில் பதினைந்து அட்டை இருக்கிறது, எடுத்து வைத்திருக்கிறார்கள்.

மாத்திரை இருக்கிற இடம் தெரிந்துவிட்டது. நடுவில் இருபது மைலுக்கு மேல் தூரம், ஒவ்வொரு மைலுக்கும் ஒரு மரம்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டார். "வா எங்கூட" என்றார். ஊர் எல்லை தாண்டி உளுந்தூர்பேட்டை ரோட்டில் அவர் முன்னால் நடக்க, நான் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அரை மைல் போனதும் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. அதைச் சுற்றி நாற்பது ஐம்பது ஆண்கள். அவர்களுக்கு நடுவில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு நின்ற உயரமான ஆள் என் மூத்தார். என் கணவரின் அண்ணன்.

அவருக்கு முன்னால் அதுவரை நான் நிமிர்ந்து நின்று பேசியதில்லை. மூன்று ஏக்கர் கரும்பு, எட்டாம் வகுப்புப் படிப்பு, ஊரில் ஒரு மரியாதை. அவர் வந்தால் நான் அடுக்களைக்குள் போய்விடுவேன். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம்.

மாமியார் நேராகப் போய் அந்தப் புளியமரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"எம்மா! நீ இன்னாத்துக்கு இங்க வந்த? இந்த வெயில்ல அந்தப் பொண்ண வேற இட்டுக்கினு?" என்றார் மூத்தார்.

"நீ மறியல் பண்ணு. எட்டு நாளு பண்ணு, பத்து நாளு பண்ணு. நான் ஒண்ணுஞ் சொல்லல. எம் மருமவளுக்கு நாளன்னிக்குக் காலைல பன்னெண்டு மாத்திர வேணும். அது உளுந்தூர்பேட்டையில குந்திக்கினு இருக்குது. நீ மரத்த வெட்டி வழியில போட்டுக்கினு இருக்கிற. கொண்டாந்து குடுக்கற வரைக்கும் நான் இதுமேலருந்து எழுந்திருக்க மாட்டேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மூத்தார் சிரிக்கவில்லை. "எம்மா, எம் பையன் படிச்சிட்டு என்னை மாதிரி கரும்புச் சோகையில கையக் கிழிச்சுக்கினு கெடக்கணுமா? அதுக்குத்தான் இங்க நிக்கிறேன். வெளையாட்டுக்கா நிக்கிறேன்?"

"உம் பையன் படிக்கட்டும். மொதல்ல அவ பாக்கட்டும்" என்றார் மாமியார்.

மூத்தார் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "மாத்திர ஒரு நாளு இல்லன்னா இன்னாம்மா ஆவும்?"

நான் தலையைக் குனியவில்லை. டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். கண் மட்டும் இல்லை மாமா, உடம்பே தாங்காது என்றேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். பக்கத்தில் நின்றவரிடம், "உன் சைக்கிளக் குடு" என்றார். மரத்துக்கு மேலே சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். தாண்டி ஏறி உட்கார்ந்து மிதித்தார். அவர் வெள்ளைச் சட்டை ஒரு புள்ளியாகும்வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு தூரம் பார்க்க முடிகிறது என்று அப்போது எனக்கே ஆச்சரியம்.

அந்த வாரம் நடந்ததெல்லாம் இப்படிச் சிரித்துச் சொல்லக்கூடியதாக இல்லை. சில ஊர்களில் உயிர்கள் போயின. குடிசைகள் எரிந்தன. என் தோழியின் தெருவில் பயந்துபோய் வீட்டைப் பூட்டிக்கொண்டு உறவினர் ஊருக்குப் போனவர்கள் உண்டு. அவள் அப்பாவும் அம்மாவும் போனார்கள். அவள் மட்டும் தினமும் டியூட்டிக்கு வந்தாள். எனக்காக ஊர் ஊராக ஒயரைச் சொருகிக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் மனதில் அது இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் வந்துவிடுவார் என்று எதிர்பார்த்தோம். மூத்தார் வரவில்லை. அதற்கடுத்த காலை எட்டு இட்லியும் தின்றுவிட்டு, மாத்திரை இல்லாத உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் இருக்க முடியாமல் எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். தோழி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

போர்டில் ஒரு தகடு விழுந்தது.

"நூத்திப் பதினாறு" என்றேன்.

தோழியின் கை ஒயரோடு அப்படியே நின்றது. "இன்னா சொன்ன?"

"நூத்திப் பதினாறு விழுந்திருக்குது."

"எனக்குத் தெரியும். உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கே அப்போதுதான் உறைத்தது. வரிசைகள் நேராக நின்றன. நடுவிலிருந்த மங்கல் எங்கே என்று தேடினேன், ஒரு கடுகளவு இருந்தது. அவள் நூற்றுப் பதினாறுக்கு லைன் கொடுத்துவிட்டு, துளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். "இது?" நாற்பத்தேழு. "இது?" எண்பத்து மூன்று. "இது?" போலீஸ் ஸ்டேஷன், அதை இனி மறக்க மாட்டேன் என்றேன். இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியாது. போர்டில் அதற்குள் நான்கு சந்தாதாரர்களின் தகடுகள் விழுந்து கிடந்தன.

அந்த நேரத்தில் வெளியூர் டிரங்க் லைன் அடித்தது. தோழி பேசிவிட்டு ஹெட்செட்டை என் தலையில் மாட்டினாள். வழியில் ஏதோ ஒரு ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ் அதிகாரி.

"ஏம்மா, நேத்து ராத்திரி இங்க ஒரு ஆளப் புடிச்சு வச்சிருக்கோம். சட்டைப் பையில, மடியில எல்லாம் மாத்திரை அட்டையா வச்சிருக்கான். கேட்டா தம்பி பொண்டாட்டிக்குன்றான். கள்ளக்குறிச்சி எக்ஸ்சேஞ்சுல கேளுங்கன்றான். யாரும்மா நீ?"

"நான்தான் சார் அந்தத் தம்பி பொண்டாட்டி."

"ஒரு ஆளுக்கா இவ்ளோ மாத்திரை?"

"காலைல பன்னிரண்டு சார்."

"பன்னிரண்டா! சோத்துக்குப் பதிலாவா?"

"சோறும் ஜாஸ்தியாதான் சார் சாப்பிடறேன்" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. என்ன நோய், எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று விசாரித்தார். சொன்னேன். "சரி, அனுப்பறேன். மரத்தத் தாண்டித் தாண்டி வந்து முட்டியெல்லாம் சிராய்ச்சு வச்சிருக்கான். டீ வாங்கிக் குடுத்து அனுப்பறேன்" என்றார்.

மதியம் ஒரு மணிக்கு மூத்தார் எக்ஸ்சேஞ்சு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். பதினைந்து அட்டையையும் என் கையில் வைத்தார். நான் அங்கேயே பன்னிரண்டு மாத்திரையைப் பிய்த்து எடுத்து, தோழியின் சோற்று டப்பாவிலிருந்து நான்கு வாய் அள்ளித் தின்றுவிட்டு விழுங்கினேன். மூத்தார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தோழியின் பக்கம் திரும்பினார். அவள் எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியும்.

"நீங்கதான் கண்டுபுடிச்சிங்களாமே. கடைக்காரரு சொன்னாரு. ரொம்ப ஒதவி பண்ணிங்கம்மா."

அவர் வாயிலிருந்து அவளுக்கு அந்த 'ங்க' வந்ததை நான் கவனித்தேன். அவளும் கவனித்தாள்.

"எனக்கு இந்த வேல எடஒதுக்கீட்டுலதாங்க கெடச்சுது. உங்க பையனுக்கும் கெடைக்கணும். ஆனா எங்க தெருவுக்கு நாலு நாளா பால் வர்ல. கொழந்தைங்க இருக்குதுங்க. அதுக்கு எதுனா வழி பண்ணுங்க" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். மறுநாள் காலை புளியமரத்தின் ஓரக் கிளைகள் ஒரு பால் சைக்கிள் நுழைகிற அளவுக்கு வெட்டப்பட்டிருந்தன. வெட்டியது அவர்தான் என்று மாமியார் சொன்னார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அதுவும் கூட்டத்தில் இரண்டு பேரோடு சண்டை போட்டுத்தான்.

அன்று மாலை நான்கு மணிக்கு வாசலில் என் கணவர் நின்றார். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக ஒன்றரை நாள் நடந்தே வந்திருக்கிறார். வேட்டி முழுக்க நாயுருவி ஒட்டியிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். மலையிலிருந்த ஆஸ்பத்திரியில் கெஞ்சி வாங்கிய முப்பது மாத்திரைகள்.

"தீந்துபோயிருக்கும்னு கணக்குப் பார்த்தேன். அதான் வந்துட்டேன்" என்றார்.

மாமியார் அலமாரியைத் திறந்து பதினைந்து அட்டையைக் காட்டினார். என் கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கிட்டே போய் அவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் வெட்கத்தில் சரியாகப் பார்க்கவில்லை. பிறகு பார்க்க நினைத்தபோது கண் போய்விட்டது. இப்போது நன்றாகத் தெரிந்தது. மீசையில் இடது பக்கம் ஒரு விரற்கடை குட்டை.

"மீசையை யாரு வெட்டி விடறாங்க?"

"நானேதான். மலையில சின்னக் கண்ணாடிதான் இருக்குது. ஏன்?"

"ஒண்ணுமில்ல. ஒரு பக்கம் கோணலா இருக்குது" என்றேன். அந்த மனிதர் ஒன்றரை நாள் நடந்து வந்த களைப்பில் தேம்பித் தேம்பி அழுதார்.

பன்னிரண்டு மாத்திரை பத்தானது, எட்டானது, அரை மாத்திரை அரை மாத்திரையாகக் குறைந்து முடிய ஒன்றரை வருடம் ஆயிற்று. உப்பிய முகம் வற்றியது. ஆனால் ஆறாம் மாதம் என் இமை முடிகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. நெற்றிக்கு மேலே ஒரு கற்றை முடியும் வெள்ளையானது. டாக்டரம்மா இதையும் முன்பே சொல்லியிருந்தார், நிறம் கொடுக்கிற அணுக்கள் அழிந்ததால் வருவது இது, யாருக்கும் ஒட்டாது என்று. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் சிலர் எழுந்து போயிருக்கிறார்கள். ஆரம்பத்தில் இமைக்கு மை தீட்டிப் பார்த்தேன். ஒரு நாள் என் மகள், அப்போது அவளுக்கு நான்கு வயது, "எங்கம்மாவுக்கு மட்டுந்தான் வெள்ள எம" என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துவிட்டு வந்தாள். மையை விட்டுவிட்டேன்.

இரண்டு முறை நோய் திரும்பி வந்தது. ஒன்று மகன் பிறந்த மறுவருடம், இன்னொன்று அதற்கு ஏழு வருடம் கழித்து. இரண்டு முறையும் சீப்பு வலித்த அன்றே பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினேன். திரும்பவும் மாத்திரை, திரும்பவும் பூரி முகம், திரும்பவும் எட்டு இட்லி. எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. அந்த ஆஸ்பத்திரிக் கூடத்தில் எனக்கு அறிமுகமான ஒரு லாரி டிரைவர், பார்வை தெளிந்ததும் மாத்திரையைத் தானே நிறுத்திவிட்டார். அடுத்த முறை பார்த்தபோது அவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஓரத்தில் மட்டும் நிழல் தெரிகிறது என்றார். அவரைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒரு வேளை மாத்திரைகூடத் தவறியதில்லை.

நாற்பது வயதில் கண்புரை வந்தது. இத்தனை மாத்திரைக்கு அது வரத்தான் செய்யும் என்றார் டாக்டரம்மா. ஒரு வருடம் கண் அமைதியாக இருக்கட்டும் என்று காத்திருந்து, பிறகு ஒவ்வொரு கண்ணாக லென்ஸ் வைத்தார். கட்டு அவிழ்த்த அன்று என் மாமியாரின் புடவையில் இத்தனை கறை இருப்பது தெரிந்து சொன்னேன். "இதுக்கா அறுத்துக்கினு வந்த?" என்றார் அவர்.

ஒவ்வொரு செக்கப்பிலும் படிக்கிற டாக்டர்கள் வரிசையில் நின்று என் கண்ணுக்குள் பார்ப்பார்கள். உள்ளே நிறம் கரைந்துபோய், பின்சுவர் முழுக்க அந்தி வானம் மாதிரி சிவந்து கிடக்கிறதாம். ஒரு பெண் பார்த்துவிட்டு, "ஐயோ, எவ்ளோ அழகா இருக்கு!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கும் ஒருமுறை படம் எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

டாக்டரம்மா ஓய்வு பெறும்போது என் பைல் ஒரு தலையணை கனம். அதை அடுத்த டாக்டரிடம் கொடுக்கும்போது, "இவங்கள நல்லாப் பாத்துக்கோ. இவ்வளவு வருஷம் கழிச்சு இப்படிப் படிக்கிறவங்க கம்மி" என்றார். கண் பரிசோதனை அட்டையில் கடைசி வரிக்கு முந்தின வரி வரைக்கும் படிக்கிறேன். வெயிலிலிருந்து இருட்டு அறைக்குள் போனால் கொஞ்சம் நின்று போக வேண்டும். வெளிர் நீலம் எனக்குச் சாம்பலாகத் தெரியும். அவ்வளவுதான் நஷ்டம்.

எக்ஸ்சேஞ்சில் போர்டு போய் தானியங்கி இயந்திரம் வந்தது. என் தோழி மேலதிகாரியாகி மாவட்டம் மாவட்டமாகப் போனாள். இப்போதும் வாரம் ஒரு முறை பேசுகிறாள். எடுத்ததும் "நம்பர் ப்ளீஸ்" என்பாள். மூத்தாரின் மகன் படித்துக் கூட்டுறவுத் துறையில் வேலைக்குப் போனான். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெள்ளிமலைக்கே போய்விட்டேன். என் கணவர் அங்கே தலைமையாசிரியர். சாமைக் கொல்லைக்கு நடுவே ஒரு சின்ன வீடு. சந்தைக்கு மூன்று மைல் நடக்க வேண்டும்.

ஐம்பது வயதில், ஸ்கூட்டி கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னேன். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை, பயந்தார்கள். லைசன்சுக்குக் கண் சான்றிதழ் வேண்டும். புது டாக்டர் என்னை அட்டை முன்னால் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு தலையணைப் பைலைக் கொஞ்ச நேரம் புரட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டார். "பகல்ல மட்டும் ஓட்டுங்க" என்றார்.

லைசன்சு வந்த வாரம், வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு நான் ஓட்ட, என் கணவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். முதல் வளைவில் அவர் என் தோளைப் பிடித்தார். இரண்டாவது வளைவில் இடுப்பைப் பிடித்தார். "மெதுவா, மெதுவா! எதிர்ல ஜீப் வருது!" என்று கத்தினார்.

"தெரியுதுங்க" என்றேன். "டிரைவர் பச்சைச் சட்டை. பக்கத்துல ஒரு ஆட்டுக்குட்டி குந்திக்கினு வருது."

ஜீப் எங்களைக் கடந்தது. பச்சைச் சட்டைதான். முன் சீட்டில் ஒரு கறுப்பு ஆட்டுக்குட்டி தலையை வெளியே நீட்டி எங்களைப் பார்த்தது. நான் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாகத் திருகினேன்.